ஒயர் கட்டத் தெரிந்த ஃபாரடே



இந்தச் சுவர்ப் பத்திரிகையில் இந்த முறை விஞ்ஞானி பக்கம் எனக்குக் கிடைத்திருக்கிறது. நான் எடுத்துக்கொண்டிருப்பவர் மைக்கேல் ஃபாரடே. எழுத எழுத நீண்டுபோய் மூன்று சார்ட் தாள் ஆகிவிட்டது. நின்று படிக்கக் கால் வலித்தால் பாதியை இப்போதும் மீதியைச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் படியுங்கள். தாளில் யாரும் பேனாவால் கிறுக்க வேண்டாம்.

ஏன் ஃபாரடே என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன அறிவியல் கண்காட்சிக்கு நானும் என் பக்கத்து பெஞ்சுக்காரனும் ஒரு டைனமோ செய்தோம். பழைய டேப் ரெக்கார்டரில் இருந்து கழற்றிய சின்ன மோட்டார். அதன் தலையில் ஒரு ரப்பர் பேண்டு, ரப்பர் பேண்டின் மறுமுனையில் ஒரு பெரிய மரச் சக்கரம். சக்கரத்தைக் கையால் சுற்றினால் மோட்டார் வேகமாகச் சுற்றும், மின்சாரம் வரும், சர்க்யூட் போர்டில் நான்கு எல்.இ.டி. எரியும். வீட்டில் சுற்றியபோது எரிந்தது. பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கிய பிறகும் எரிந்தது. நடுவர் வந்து அவரே சக்கரத்தைப் பிடித்து நாலு சுற்று சுற்றினார். ஒரு தரம் மினுக்கென்றது, அவ்வளவுதான். மோட்டாரில் இருந்து போர்டுக்கு வந்த ஒயர் கழன்று விழுந்துவிட்டது. நாங்கள் பதறிப்போய்த் திரும்ப முறுக்கி முடிப்பதற்குள் அவர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை, அவர் பார்க்க வேண்டிய மேஜை இன்னும் நாற்பது இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அந்த ஒயரைப் போர்டில் பிடித்து நிறுத்த ஏதாவது சாமான் கிடைக்குமா என்று கடைத்தெரு முழுக்க அலைந்தேன். எலக்ட்ரிகல் கடையில் வெள்ளைக் கனெக்டர் பட்டை ஒன்று எடுத்துப் போட்டார்கள். அது வீட்டு வயரிங்குக்கு உள்ளது. எங்கள் ஒயர் தலைமுடி மாதிரி, திருகைக் கடைசி வரை முறுக்கினாலும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஹார்டுவேர் கடையில் போல்ட், நட், வாஷர் காட்டினார்கள். அதில் சின்ன போல்ட்டே என் விரல் தடிமன், போர்டே உடைந்துபோயிருக்கும். ஸ்டேஷனரி கடையில் ஜெம் கிளிப் வாங்கினேன். அதைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

கடைசியாக பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ, டி.வி. ரிப்பேர் செய்யும் அண்ணனிடம் போனேன். போர்டைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். பழைய போர்டு ஒன்றில் இருந்து பச்சைக் கலரில் இரண்டு திருகு உள்ள குட்டி டெர்மினல் ஒன்றைச் சூடு காட்டி எடுத்தார். அதன் அடியில் இரண்டு கால் இருக்கிறது. காலைப் போர்டு ஓட்டையில் விட்டுப் பின்பக்கம் ஈயம் வைத்துவிட்டால் டெர்மினல் அசையாது, ஒயரை மட்டும் திருகில் மாட்டலாம், கழற்றலாம். அதோடு இன்னொரு வேலையும் சொல்லிக்கொடுத்தார். திருகுக்குப் போவதற்கு முன்னால் ஒயரைப் போர்டில் ஒரு ஓட்டை வழியாகக் கீழே விட்டு, பக்கத்து ஓட்டை வழியாக மேலே எடுக்க வேண்டும். அப்போது யாராவது ஒயரை இழுத்தால் இழுப்பு முழுவதும் அந்த ஓட்டையோடு நின்றுவிடும், இணைப்புக்குப் போகாது. சர்க்யூட்டில் பாதிக் கோளாறு இணைப்பில்தான் இருக்கும் என்று அவர் சொன்னார். காசு வாங்கவில்லை.

இதை அறிவியல் சாரிடம் சொன்னேன். அவர் நூலகத்தில் இருந்து ஃபாரடே புத்தகம் ஒன்றை எடுத்துத் தந்தார். டைனமோவைக் கண்டுபிடித்த மனிதருக்குக் கனெக்டரும் கிடையாது, டெர்மினலும் கிடையாது, பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர்கூடக் கிடையாது, அவர் எப்படிச் சமாளித்தார் என்று படித்துவிட்டு வா என்றார். அப்படித்தான் இந்தக் கட்டுரை வந்தது.

ஃபாரடே 1791 செப்டம்பர் 22-ஆம் தேதி லண்டனுக்குத் தெற்கே நியூவிங்டன் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் கொல்லர், குதிரைக்கு லாடம் அடிப்பது போன்ற வேலை. நான்கு பிள்ளைகளில் இவர் மூன்றாவது. அப்பாவுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். 1801-இல் தானிய விலை ஏறியபோது சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டிதான் கொடுத்தார்கள். அதை நாளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுச் சாப்பிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்கும் கற்றார். அதோடு படிப்பு நின்றுபோச்சு.

13 வயதில் பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையன். வீடு வீடாகச் செய்தித்தாள் கொண்டுபோய்க் கொடுத்து, படித்து முடித்ததும் திரும்ப வாங்கி வர வேண்டும். ஒரு வருஷம் ஒழுங்காக வேலை பார்த்ததால் ரீபோ பணம் எதுவும் வாங்காமல் ஏழு வருஷத்துக்கு பைண்டிங் தொழில் பழகச் சேர்த்துக்கொண்டார். தாளை மடிப்பது, ஊசியில் நூல் கோத்துத் தைப்பது, பசை காய்ச்சுவது, துணியும் தோலும் ஒட்டுவது. இந்த வேலையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பைண்டிங்குக்கு வரும் புத்தகங்களை ஃபாரடே சும்மா தைத்து அனுப்பவில்லை, படித்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய பகுதி, ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் புத்தகம், இரண்டும் அவரைப் பிடித்து ஆட்டிவிட்டன. டேட்டம் என்பவர் தன் வீட்டில் அறிவியல் சொற்பொழிவு நடத்துவார், ஒரு கூட்டத்துக்கு ஒரு ஷில்லிங். ஃபாரடேயிடம் ஏது ஷில்லிங்? அண்ணன் ராபர்ட்தான் கொடுத்தார். அவரும் அப்பா மாதிரி கொல்லர். 1810-இல் அப்பா இறந்துபோனார்.

1812-இல் ஃபாரடே தானே ஒரு பேட்டரி செய்தார். துத்தநாகத் தகட்டை அரைப்பென்னிக் காசு அளவுக்கு வட்டமாக ஏழு துண்டு வெட்டினார். செம்புக்கு ஏழு அரைப்பென்னிக் காசுகளையே வைத்தார். நடுநடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த தாள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதும் மின்சாரம் வந்தது. அதன் ஒயர்களைப் பேதி உப்புக் கரைசலில் விட்டார், ஒயரில் குமிழி குமிழியாக வாயு ஏறியது. இதைப் பற்றி நண்பருக்குக் கடிதம் எழுதும்போது 20 வயது ஆளுக்குக் கை நிற்கவில்லை, ஒரே குதூகலம். (ஏழு காசை ஒரு பரிசோதனைக்கு எடுத்து வைக்க அவர் எத்தனை நாள் சேர்த்தாரோ என்று எனக்குத் தோன்றியது.)

அதே வருஷம் கடைக்கு வந்துபோகும் ஒருவர் சர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். டேவி அப்போது பெரிய விஞ்ஞானி, ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் பேசினால் கூட்டம் அலைமோதும். ஃபாரடே நான்கு சொற்பொழிவு கேட்டார். எழுதிய குறிப்புகளைப் படம் வரைந்து, திருத்தி எழுதி, 300 பக்கத்துக்கு மேல் வந்ததைத் தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். வேலை கேட்டுத்தான். டேவி கூப்பிட்டுப் பேசினார், இடம் காலி இல்லை, பைண்டிங் தொழிலையே பாரப்பா என்று அனுப்பிவிட்டார். சில வாரத்தில் ஆய்வகத்தில் இருந்த உதவியாளர் சண்டை போட்டு வேலையை இழந்தார். 1813 மார்ச் 1-ஆம் தேதி ஃபாரடேக்கு வேலை உறுதியானது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை, மெழுகுவர்த்தி, அடுப்புக்கு எரிபொருள்.

அந்த வருஷமே டேவியோடு ஐரோப்பா முழுக்க ஒன்றரை வருஷம் சுற்றினார். பாரிஸில் ஆம்பியரையும் மிலானில் வோல்டாவையும் பார்த்தார். நம் பாடத்தில் அலகாக வருகிற இரண்டு பேரையும் நேரிலேயே பார்த்துவிட்டார் பாருங்கள்! ஆனால் டேவியின் மனைவி அவரை வேலைக்காரன் மாதிரி நடத்தினார். பாதியில் ஊருக்கு ஓடி வந்துவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறார்.

இனி ஒயர் விஷயம்.

1820-இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் ஒரு ஒயரில் மின்சாரம் விட்டால் பக்கத்தில் உள்ள காந்த ஊசி திரும்புகிறது என்று காட்டினார். ஐரோப்பா முழுக்க எல்லோரும் அதையே செய்து பார்த்தார்கள். 1821 செப்டம்பரில் ஃபாரடே அதைத் திருப்பிப் போட்டு யோசித்தார். காந்தத்தைச் சுற்றி ஒயரையே ஓட வைக்க முடியுமா?

இங்கேதான் எங்கள் கண்காட்சிப் பிரச்சினை அவருக்கும் வருகிறது. ஒயர் சுற்ற வேண்டுமென்றால் அதைக் கட்டக் கூடாது. கட்டாமல் விட்டால் மின்சாரம் போகாது. கட்டியும் இருக்க வேண்டும், கட்டாமலும் இருக்க வேண்டும். என்ன செய்வது?

அவர் ஒரு கிண்ணத்தில் பாதரசம் ஊற்றினார். நடுவில் காந்தத்தைச் செங்குத்தாக நிறுத்தினார். மேலே இருந்து ஒரு ஒயரைத் தொங்க விட்டு அதன் நுனி பாதரசத்தில் தொடுகிற மாதிரி வைத்தார். பாதரசம் உலோகம், மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் தண்ணீர் மாதிரி வழிவிடும். பேட்டரியை இணைத்ததும் ஒயர் காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. உலகத்தில் மின்காந்த விசையால் விடாமல் சுற்றிய முதல் பொருள் அதுதான். இன்றைய மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டருக்கு எல்லாம் அதுதான் தாத்தா. கையடக்கமாக ஒன்று செய்து வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கும் அனுப்பி வைத்தார்.

அந்தக் காலத்தில் ஒயரையும் ஒயரையும் இணைக்கவே சின்னக் கிண்ணத்தில் பாதரசம் வைத்து இரண்டு முனைகளையும் அதில் முக்குவார்கள். எடுத்தால் இணைப்பு போச்சு, முக்கினால் வந்தாச்சு. நம்முடைய ஸ்விட்சும் கனெக்டரும் சேர்ந்த மாதிரி. ஆனால் நண்பர்களே, இதை யாரும் செய்து பார்க்காதீர்கள். பாதரசத்தின் ஆவி விஷம். நடுவயதில் ஃபாரடேக்குத் தலைசுற்றலும் மறதியும் வந்து சில வருஷம் ஆராய்ச்சியை நிறுத்தி வைக்கும்படி ஆனது. பாதரசம் காரணமாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. பச்சை டெர்மினல் இருக்கும்போது நமக்கு எதற்கு அந்த வம்பு.

கண்டுபிடிப்பு வெளிவந்ததும் பாராட்டோடு பழியும் வந்தது. வொல்லாஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானி அதற்கு முன் டேவியோடு சேர்ந்து ஒயர் தன்னைத் தானே சுற்ற வைக்கப் பார்த்திருந்தார், முடியவில்லை. ஃபாரடே அவசரத்தில் தன் கட்டுரையில் வொல்லாஸ்டன் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டார். யோசனையைத் திருடிவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. ஃபாரடே செய்தது வேறு, வொல்லாஸ்டன் செய்யப் பார்த்தது வேறு. நேரில் போய் விளக்கம் சொன்னார். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. 1824-இல் ராயல் சொசைட்டிக்கு அவரைத் தேர்ந்தெடுக்கும்போது எதிர்ப்புத் தெரிவித்தவர் யார் தெரியுமா? தலைவராக இருந்த டேவியேதான். வேலை கொடுத்த குருநாதர்! ரகசிய ஓட்டெடுப்பில் ஒரே ஒரு ஓட்டுதான் எதிராக விழுந்தது, ஃபாரடே உறுப்பினர் ஆனார். அப்புறமும் அவர் டேவியைப் பற்றி மரியாதையாகவே பேசி வந்தார். நானாக இருந்தால் முடியாது.

அடுத்த சில வருஷம் பெரும்பாலும் வேறு வேலை. 1825-இல் பென்சீனைக் கண்டுபிடித்தார். தொலைநோக்கிக்கு நல்ல கண்ணாடி செய்யச் சொன்னார்கள், அதில் பல வருஷம் போனது. அந்தக் கண்ணாடி வேலைக்கு உதவியாக வந்தவர் ஆண்டர்சன், ராணுவத்தில் சார்ஜென்ட்டாக இருந்தவர். ஒருநாள் ராத்திரி ஃபாரடே அவரை வீட்டுக்குப் போகச் சொல்ல மறந்துவிட்டாராம். காலையில் வந்து பார்த்தால் ஆண்டர்சன் உலைக்குக் கரி போட்டுக்கொண்டே இருந்தாராம்.

1831 ஆகஸ்ட் 29. இந்தத் தேதியை எங்கள் போர்டில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறோம்.

மின்சாரத்தில் இருந்து காந்தம் வரும் என்றால், காந்தத்தில் இருந்து மின்சாரம் வராதா? ஃபாரடே பத்து வருஷத்தில் பல தடவை முயன்று தோற்ற கேள்வி இது. இந்த முறை மெல்லிரும்பில் ஒரு வளையம் செய்ய வைத்தார். வெளிவிட்டம் 6 அங்குலம், இரும்பின் தடிமன் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். நம் ஊர் வடை ஒன்றைப் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கம் செம்புக் கம்பிச் சுருள், இன்னொரு பக்கம் வேறொரு செம்புக் கம்பிச் சுருள். இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. ஒரே சுருளில் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளும் தொடக் கூடாது, தொட்டால் மின்சாரம் குறுக்கு வழியில் போய்விடும்.

இன்றைக்கு மோட்டார் காயில் கட்டும் கடையில் போய்க் கேட்டால் வார்னிஷ் பூசிய செம்புக் கம்பியை எடைபோட்டுக் கொடுப்பார்கள். அன்றைக்கு அது கிடையாது. வெறும் செம்புக் கம்பி மட்டும்தான். (அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி என்பவர் அதே சமயத்தில் கம்பி முழுக்கப் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.) ஃபாரடே என்ன செய்தார் தெரியுமா? கம்பியைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் சணல் நூலைச் சேர்த்துச் சுற்றினார். ஒரு அடுக்கு முடிந்ததும் அதன் மேல் காலிகோ என்ற பருத்தித் துணியைச் சுற்றினார். அதன் மேல் அடுத்த அடுக்குக் கம்பி, திரும்ப நூல், திரும்பத் துணி. வளையத்தின் ஒரு பக்கம் 24 அடி நீளக் கம்பி மூன்று, மறு பக்கம் இரண்டு துண்டாகச் சுமார் 60 அடி.

இன்னொரு இடத்தில் ஒரு மர உருளையில் இதே மாதிரி பன்னிரண்டு அடுக்கு சுற்றியிருக்கிறார், ஒவ்வொரு அடுக்கும் சராசரி 27 அடி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 324 அடி! ஒரு சுற்றும் தொடாமல்! புத்தகக் கடையில் ஏழு வருஷம் நூலும் துணியும் பிடித்த விரல் அல்லவா. இதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, நானாக நினைத்தது. ஆனால் அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது சுருளின் முனைகளை ஒரு கம்பியால் இணைத்து, அந்தக் கம்பியை மூன்று அடி தள்ளி ஒரு காந்த ஊசிக்கு மேலே கொண்டுபோனார். முதல் சுருளைப் பேட்டரியில் இணைத்தார். ஊசி துடித்தது. துடித்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. பேட்டரியை எடுத்தார். திரும்பவும் துடித்தது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றுமில்லை, இணைக்கும் நொடியிலும் எடுக்கும் நொடியிலும் மட்டும் துடிப்பு. காந்தம் மாறும்போதுதான் மின்சாரம் பிறக்கிறது. மின்காந்தத் தூண்டல் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான்.

ஒயர் லூசாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊசி ஒரு நொடிதான் துடிக்கும், அந்த நொடியில் இணைப்பு விட்டுப்போயிருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. லூஸ் இணைப்பால் தானாகவே துடித்தாலும் எது நிஜம் எது கோளாறு என்று பிரித்துப் பார்க்க முடியாது. அவர் கட்டியது நிஜமாகவே கட்டியிருந்ததால்தான் அந்தத் துடிப்பை அவரால் நம்ப முடிந்தது.

அக்டோபர் 17-இல் தாள் உருளை மேல் சுற்றிய சுருளுக்குள் காந்தக் கட்டையை வேகமாக நுழைத்தார், மின்சாரம் வந்தது. எங்கள் ஆய்வகத்தில் சார் செய்துகாட்டுவது இதுதான். அக்டோபர் 28-இல் ஒரு பெரிய காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில் 12 அங்குல விட்டமுள்ள செம்புத் தட்டைச் சுற்ற விட்டார். தட்டு சுற்றும் வரை மின்சாரம் நிற்காமல் வந்தது. உலகத்தின் முதல் டைனமோ.

அங்கேயும் அதே கேள்விதான், சுற்றுகிற தட்டில் ஒயரை எப்படிக் கட்டுவது? கட்டவில்லை. தட்டின் விளிம்பிலும் அச்சைச் சுற்றியும் பாதரசம் தேய்த்துப் பளபளப்பாக்கினார். செம்பிலும் ஈயத்திலும் சின்னப் பட்டைகள் செய்து, சுற்றும் விளிம்பில் ஒட்டிக்கொண்டே இருக்கும்படி பிடித்தார். பொம்மை மோட்டார் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே இரண்டு மெல்லிய தகடு சுற்றும் பகுதியை உரசிக்கொண்டு நிற்கும். பிரஷ் என்பார்கள். ஃபாரடே பிடித்த அந்தப் பட்டைகளின் பேரப்பிள்ளைகள்தான் அவை.

அதற்கு அப்புறம் அவர் செய்தது ஏராளம், எல்லாம் எழுதினால் இந்தச் சுவர் போதாது. மின்னாற்பகுப்பு விதிகள், ஆனோடு, கேத்தோடு என்ற பெயர்கள், காந்தத்தால் ஒளியைத் திருப்பியது (1845). கணக்கு அவருக்கு வராது! ஆமாம், நிஜம். காந்தத்தைச் சுற்றிக் கோடு கோடாக மனதில் வரைந்து பார்ப்பார், சமன்பாடு எழுத மாட்டார். பின்னால் மாக்ஸ்வெல் வந்து அந்தக் கோடுகளைக் கணக்காக்கினார். (கணக்கு டீச்சர் இதைப் படித்தால், நான் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுத்தான் எழுதினேன்.)

ஒயர் பற்றி மட்டும் இன்னும் ஒன்று. மலாயாக் காடுகளில் ஒரு மரத்தின் பாலில் இருந்து வரும் கட்டாபெர்ச்சா என்ற பொருள் அப்போது லண்டனுக்கு வரத் தொடங்கியது. வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் இறுகும். மின்சாரத்தைத் தடுக்க அது நல்லது என்று 1848-இல் ஃபாரடே எழுதினார். கொஞ்ச வருஷத்தில் கடலுக்கு அடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு எல்லாம் அதைத்தான் உறையாகப் போட்டார்கள். அப்படி உறை போட்ட 100 மைல் கம்பியைத் தண்ணீரில் மூழ்க வைத்துச் சோதித்து, செய்தி ஏன் தாமதமாகப் போகிறது என்பதற்கும் காரணம் சொன்னார். நூலும் துணியும் சுற்றிய காலம் போய் உறை போட்ட ஒயரின் காலம் வருவதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

இப்போது ஆண்டர்சனிடம் திரும்பி வருகிறேன். 1845-இல் வந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் அடிக்குறிப்பில் ஃபாரடே ஆண்டர்சனின் பெயரை எழுதினார். கண்ணாடி வேலைக்கு வந்த நாள் முதல் எல்லா ஆராய்ச்சியிலும் அவர் உதவினார் என்றும், அவருடைய கவனத்துக்கும் ஒழுங்குக்கும் தான் கடன்பட்டிருப்பதாகவும் அதில் சொல்லியிருக்கிறார். பெயர் விட்டதற்காகத் தன் மேல் ஒரு தரம் பழி விழுந்ததாலோ என்னவோ தெரியாது. ஒரு உதவியாளருக்காக அவ்வளவு பெரிய விஞ்ஞானி இடம் ஒதுக்கியிருக்கிறார்.

அதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணம் இருக்கிறது. கண்காட்சியில் தோற்றதும் எங்கள் வகுப்பில் எல்லோரும் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அவன் ஒயரைச் சரியாகக் கட்டவில்லை என்று நான் சொன்னேன். பத்து பேரிடமாவது சொல்லியிருப்பேன். அவன் எதிரிலேயே ஒரு தரம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை, பெஞ்சு மாறி உட்கார்ந்துகொண்டான். நிஜத்தில் அந்த ஒயரை முறுக்கியது நான். ஈயம் வைத்துவிடலாம் என்று அவன் சொன்னான், அப்புறம் கழற்ற வேண்டியிருக்கும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். மரச் சக்கரத்தை மூன்று நாள் இழைத்து வட்டமாக்கியது அவன். ஆனால் சார்ட்டில் என் பெயரைப் பெரிதாகவும் அவன் பெயரைச் சின்னதாகவும் எழுதியதும் நான்தான். பத்து பேரிடம் வாயால் சொன்னதை எல்லோரும் படிக்கும் இந்த இடத்தில் எழுத்தால் மாற்றுகிறேன். இந்தப் பகுதியை ஒட்டுவதற்கு முன் அவனிடம் காட்டினேன். எழுத்துப் பிழை இரண்டு இருக்கிறது என்று மட்டும் சொன்னான். திருத்திவிட்டேன்.

மீதிக் கதை கொஞ்சம்தான். 1825-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் ஆரம்பித்தன. ஃபாரடே மட்டுமே 19 வருஷம் அவற்றை நடத்தினார். 1860-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய சொற்பொழிவில் ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு ஆறு நாள் பேசினார். அது புத்தகமாக இன்றும் கிடைக்கிறது. கலங்கரை விளக்கங்களுக்கு ஆலோசகராக முப்பது வருஷம் இருந்தார். சர் பட்டம் கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியும் வேண்டாம் என்றார். மனைவி சாராவை 1821-இல் கல்யாணம் செய்தார், பிள்ளைகள் இல்லை. வயதானதும் ஞாபகம் ரொம்பவே குறைந்தது. விக்டோரியா அரசி ஹாம்ப்டன் கோர்ட்டில் ஒரு வீடு கொடுத்தார். ஆண்டர்சன் 1866-இல் இறக்கும் வரை ஆய்வகத்திலேயே இருந்தார். அடுத்த வருஷம் 1867 ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஃபாரடே காலமானார். ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் எளிமையாக அடக்கம் செய்தார்கள்.

அந்த இரும்பு வளையம் இன்றும் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருக்கிறது. படத்தில் பார்த்தேன். துணி பழுப்பேறியிருக்கிறது, நூல் கட்டு அப்படியே தெரிகிறது, கம்பி முனைகள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நம் வீட்டில் பாட்டி கட்டி வைக்கும் பழந்துணி மூட்டை மாதிரிதான் இருக்கிறது.

எங்கள் டைனமோவை இருவரும் சேர்ந்து திரும்பக் கட்டியிருக்கிறோம். பச்சை டெர்மினல் வைத்து, ஒயரை ஓட்டை வழியாக விட்டு எடுத்து, பின்பக்கம் ஈயம் வைத்திருக்கிறோம். ஈயம் வைத்தது அவன். ஆய்வகத்தில் ஜன்னல் ஓரம் இரண்டாவது மேஜையில் இருக்கிறது, சாரிடம் கேட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் சுற்றிப் பார்க்கலாம், வேகமாகவே சுற்றுங்கள். ஒயர் கழன்றால் எங்கள் இரண்டு பேரில் யார் கிடைத்தாலும் சொல்லுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு